மதுரையில் திறக்கும் பர்கர், சிக்கன் கடைகளுக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? நம் தக்காளியை வாங்குவார்களா?

வாடிப்பட்டித் தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு வாடிப்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் தோட்டம். தக்காளியும் பல்லாரியும் (பெரிய வெங்காயம்)தான் முக்கியம். விளைந்ததை ஒட்டன்சத்திரம் மண்டிக்கு ஏற்றுவோம், வரத்து அங்கே அதிகமாக இருந்தால் பரவை அல்லது மாட்டுத்தாவணி. விலை இருக்கிற நாளில் ஏலத்தில் நல்ல காசு கிடைக்கும், இல்லாத நாளில் பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறோம். இங்கே இருக்கிற விவசாயிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மதுரையில் பைபாஸ் ரோடு, அண்ணா நகர், கே.கே. நகர் என்று எங்கே பார்த்தாலும் பர்கர், பொரித்த சிக்கன், பீட்சா கடைகளாக இருக்கின்றன. வருஷம் முழுக்க ஒரே விலைக்கு விற்கிறார்கள். அப்படியானால் அவர்களும் வருஷம் முழுக்க ஒரே விலைக்குத்தானே வாங்க வேண்டும்? ஒரு கடையில் போய் மேனேஜரிடமே கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார், "எல்லாமே கம்பெனி வண்டியில் வந்து இறங்கிவிடும், வெளியே ஒரு கட்டு மல்லித்தழை வாங்கக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது" என்றார். கூப்பிடு தூரத்தில் இவ்வளவு பெரிய காய்கறி மார்க்கெட் இருக்கும்போது எங்கிருந்தோ வண்டியில் ஏன் வர வேண்டும்? யார் வாங்குகிறார்கள், எங்கே வாங்குகிறார்கள், நம்மைப் போன்றவர்கள் உள்ளே நுழைய வழி இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளிர்வண்டி:

அண்ணே, சென்னைக்கு வெளியே இப்படி ஒரு நிறுவனத்துக்குச் சரக்கு பிரித்து அனுப்பும் கிடங்கில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது திருமங்கலத்துக்கே திரும்பி வந்துவிட்டேன், அதனால் ஓரளவு சொல்ல முடியும்.

அந்த மேனேஜர் சொன்னது முழுக்க உண்மை. கடையில் இருப்பவருக்கு வாங்கும் அதிகாரம் கிடையாது. கையிருப்பைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஆர்டர் போடுவதோடு அவர் வேலை முடிந்தது. சரக்கு எல்லாம் முதலில் கிடங்குக்கு வரும், அங்கிருந்து ஒரே லாரியில் கடைக்குப் போகும். லாரிக்குள் தடுப்பு வைத்துப் பிரித்திருப்பார்கள். உறைந்த சரக்குக்கு மைனஸ் 18 டிகிரி, சீஸ், கீரை வகைக்கு 1 முதல் 4 டிகிரி வரை, பன், காகிதக் கப், சாஸ் பாக்கெட் எல்லாம் சாதாரணப் பகுதியில். கிடங்கில் லாரிக் கதவைத் திறந்ததும் நாங்கள் செய்கிற முதல் வேலை வெப்பநிலை பார்ப்பதுதான். ரெக்கார்டரில் நடுவழியில் சூடு ஏறியதாகக் காட்டினால் முழு லோடும் திரும்பிப் போகும், டிரைவர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

இதை ஏன் இவ்வளவு சிரமப்பட்டுச் செய்கிறார்கள் என்பதற்கு மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்கு வந்த கதையைப் பார்த்தால் போதும். முதல் கடை 1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் திறந்தது. ஆனால் அதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே ஆள் அனுப்பி வேலையைத் தொடங்கிவிட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டிய மாதிரி கீரையும் சீஸும் பன்னும் அன்றைக்கு இங்கே யாரும் செய்யவில்லை, குளிர்வண்டியும் இல்லை. பஞ்சாப் பில்லோரில் கிரீமிகா பன்னுக்கு, பாராமதியில் டைனமிக்ஸ் சீஸுக்கு, புனே பக்கம் தலேகாவில் த்ரிகாயா பர்கரில் இலையாக வைக்கும் ஐஸ்பெர்க் கீரைக்கு, மும்பைக்கு வெளியே தலோஜாவில் விஸ்டா பர்கருக்குள் வைக்கும் சிக்கன், காய்கறி வட்டத் துண்டுக்கு (patty) என்று ஒவ்வொருவராகப் பிடித்து, விதையிலிருந்து இயந்திரம் வரை சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள். கிடங்கும் வண்டியும் ராதாகிருஷ்ணா ஃபுட்லேண்ட் பார்த்தது. கடை திறக்கும் முன்பே இத்தனையும் தயார்.

உருளைக்கிழங்கு மட்டும் உடனே நடக்கவில்லை. ரொம்ப காலம் பிரெஞ்சு ஃப்ரைஸ் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. நம் வீட்டுக் குழம்புக்குப் போடும் கிழங்கில் நீர் அதிகம், சர்க்கரையும் அதிகம். பொரித்தால் வெளியே கருகும், உள்ளே தொளதொள என்று இருக்கும். ஃப்ரைஸுக்கு உலர்பொருள் (நீர் போக மிஞ்சுவது) 20 சதவீதத்துக்கு மேல் வேண்டும், நீளமாகவும் இருக்க வேண்டும். அதற்காக ஷெபோடி, கென்னபெக், சந்தானா என்று வேறு ரகங்களைக் குஜராத் விவசாயிகளிடம் கொடுத்து, சொட்டுநீரில் வளர்க்கப் பழக்கி, 2007இல் மெக்கெய்ன் நிறுவனம் மேசானாவில் ஆலை திறந்தது. சேமிப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாப்பாட்டுக் கிழங்கை வைக்கிற மாதிரி 2, 3 டிகிரி குளிரில் வைத்தால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும், பொரிக்கும்போது கருப்படிக்கும். அதனால் ஆலைக்குப் போகும் கிழங்கைக் கொஞ்சம் கூடுதல் சூட்டில், முளை விடாமல் பார்த்துக்கொண்டு வைப்பார்கள். இது தெரியாமல் நம் ஊரில் ஒருவர் குளிர்க்கிடங்கில் கிழங்கை ஏற்றி வைத்து ஃப்ரைஸ் போட்டு விற்கலாம் என்று இறங்கினால் முதல் மாதமே சிக்கல்தான்.

தக்காளியைப் பற்றி இரவு வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

பேரையூர் பண்ணை:

நான் கறிக்கோழி வளர்க்கிறவள், கோழிப் பக்கம் எப்படி என்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கறிக்கோழியில் பெரும்பகுதி ஒப்பந்த வளர்ப்புதான். உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் 1990களில் தொடங்கிய முறை, இப்போது எங்கள் பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. குஞ்சு, தீவனம், மருந்து, டாக்டர் எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், தரையில் போடும் தேங்காய் நார்க்கழிவு, ஆள் கூலி எங்களுடையது. ஆறு வாரம் வாக்கில் வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கொடுப்பார்கள். தின்ற தீவனத்துக்கு எவ்வளவு எடை ஏறியது, எத்தனை செத்தது என்பதைப் பொறுத்துக் கூலி கூடும், குறையும். கோழி எங்களுடையது கிடையாது. சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் எங்களுக்கு அதே கூலி.

பெரிய சிக்கன் கடைகள் எங்களை மாதிரிப் பண்ணையிடம் நேரடியாக வரமாட்டார்கள். கே.எஃப்.சி.க்கு வெங்கீஸ் மாதிரி பெரிய நிறுவனங்கள் கொடுக்கின்றன, அந்த நிறுவனங்களுக்குச் சொந்த வெட்டுக்கூடமும் குளிரூட்டலும் இருக்கிறது. ஒரு கோழியை 9 துண்டாக வெட்டுவது கே.எஃப்.சி. வழக்கம். துண்டு எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் ஒரே நேரத்தில் வெந்து வரும், அப்படியானால் கோழியும் ஒரே எடையில் வேண்டும். கறிக்கடைக்குப் போகிற கோழி மாதிரி ரெண்டு கிலோவும் இருக்கலாம், ரெண்டரையும் இருக்கலாம் என்று விடமாட்டார்கள்.

எனக்கு இதில் மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிடிக்க வேண்டிய நாளில் வண்டி வராது. சந்தை மந்தமாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள். கோழி தின்றுகொண்டே இருக்கும், கத்திரி வெயிலில் பெரிய கோழிதான் முதலில் சாகும், தீவனக் கணக்கு கெட்டுப்போய்க் கூலியில் பிடித்துவிடுவார்கள். தாமதம் அவர்களுடையது, நஷ்டம் மட்டும் என்னுடையது. இதைக் கேட்க ஒரு இடம் வேண்டும் என்றுதான் வருஷா வருஷம் கூலி உயர்வுப் போராட்டம் நடக்கிறது. அதனால் தம்பி, வருஷம் முழுக்க ஒரே விலை என்பதை மட்டும் பார்த்து ஒப்பந்தத்துக்குள் போகாதீர்கள். பிடிக்கும் தேதி, தாமதமானால் யார் பொறுப்பு, இது ரெண்டும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடிப்பட்டித் தோட்டம்:

அக்கா, ரொம்ப நன்றி. கூலி விவரம் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. கிழங்கு, கோழி புரிகிறது, அதெல்லாம் ஆலைக்குப் போய் வருகிற பொருள். தக்காளி அப்படியே நறுக்கி வைப்பதுதானே? அதை ஏன் இங்கே வாங்கக் கூடாது?

குளிர்வண்டி:

வாங்கலாம் அண்ணே, ஆனால் நீங்கள் ஏற்றி அனுப்புகிற மாதிரி பெட்டியோடு வாங்க மாட்டார்கள்.

பர்கருக்குள் வைக்கும் தக்காளி வில்லை ஒரே விட்டத்தில் வேண்டும், சாறு வடியக் கூடாது, பன் நனைந்துவிடும். நாட்டுத் தக்காளி ருசியில் நன்றாக இருக்கும், ஆனால் அதற்கு ஆகாது. பெங்களூர்த் தக்காளி மாதிரி கெட்டித்தோல், சதை அதிகமுள்ள ஹைப்ரிட்தான் எடுப்பார்கள். நிறம் இந்த அளவு, அளவு இந்த வளையத்துக்குள், காயம் கூடாது என்று படத்தோடு அட்டை வைத்திருப்போம். அதன்படி பிரித்தால் ஒரு தோட்டத்துப் பறிப்பில் பாதி தேறினாலே பெரிது. மீதிப் பாதியை நீங்கள் மண்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மருந்து விவரம். எந்தத் தேதியில் என்ன மருந்து, எத்தனை நாள் விட்டுப் பறித்தீர்கள் என்று நோட்டு வேண்டும். எச்சம் இருக்கிறதா என்று சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். மாட்டுத்தாவணியில் ஒரு கடையில் வாங்கினால் அந்தப் பெட்டி யார் தோட்டத்தில் விளைந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. நாளைக்கு ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் எந்த வயல், எந்த நாள் பறிப்பு என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிய வேண்டும். பக்கத்தில் மார்க்கெட் இருந்தும் அவர்கள் வராததற்கு விலையைவிட இதுதான் காரணம்.

தரமான தக்காளி கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? தக்காளியையே எடுத்துவிடுவார்கள். 2023 ஜூலையில் விலை ஏறிக் கிடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் நிறைய மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பர்கரில் தக்காளி வைக்கவில்லை, தரப் பரிசோதனையில் தேறுகிற தக்காளி போதுமான அளவு கிடைக்கவில்லை என்று கடையிலேயே நோட்டீஸ் ஒட்டினார்கள். பக்கத்துச் சந்தையில் வாங்கிச் சமாளித்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை.

நத்தம்_கெர்கின்:

ஊறுகாய் வெள்ளரி பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், யாரும் எழுதவில்லை. பர்கருக்குள் புளிப்பாக வட்டமாக ஒன்று இருக்குமே, அந்த கெர்கின் வகை நம் திண்டுக்கல் பக்கம் ஒப்பந்தத்தில் விளைகிறது, பெரும்பாலும் ஏற்றுமதி. உள்ளூரில் இதற்குச் சந்தையே இல்லை, அதனால் கம்பெனி எடுக்கவில்லை என்றால் ஆட்டுக்குப் போட வேண்டியதுதான்.

விதையும் உரமும் மருந்தும் கம்பெனி கடனாகக் கொடுக்கும், காய்க்காசில் பிடித்துக்கொள்ளும். நட்டு ஐந்து வாரத்தில் பறிப்பு தொடங்கும். சின்னக் காய்க்குத்தான் விலை அதிகம். ஒரு நாள் பறிக்காமல் விட்டால் காய் பெருத்துத் தரம் இறங்கி, விலை பாதிக்கும் கீழே போய்விடும், ஆகவே வீட்டில் கல்யாணமோ சாவோ, தினமும் வயலில் ஆள் நிற்க வேண்டும். ஆள் பலம் இருக்கிற வீட்டுக்கு நல்ல பயிர். கூலி ஆளை நம்பி இறங்கினால் கையைக் கடிக்கும்.

சட்டம் பற்றி: தமிழ்நாடு 2019இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தனிச்சட்டம் கொண்டுவந்தது, இதற்கென்று தனியாகச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான். ஒப்பந்தத்தை வேளாண் விற்பனைத் துறையில் பதிவு செய்துகொள்ளலாம், சந்தையில் விலை இறங்கினாலும் பேசிய விலையைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் பலர் ஏஜெண்டு கொடுக்கும் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகல்கூட வாங்காமல் வருகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. தயவுசெய்து நகல் வாங்குங்கள், பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள்.

விதை யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். குஜராத்தில் பெப்சிகோ தன் சிப்ஸ் கிழங்கு ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டதாக 2019இல் விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது, நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு அடுத்த மாதமே வாபஸ் வாங்கியது. சட்டத்தில் விவசாயிக்குத் தன் விதையை வைத்துக்கொள்ள, விதைக்க, பரிமாறிக்கொள்ள உரிமை இருக்கிறது, ஆனால் கோர்ட்டுக்கு அலைகிற சக்தி நமக்கு எங்கே இருக்கிறது?

வில்லாபுரம் ஃப்ரைடு சிக்கன்:

நான் மதுரைக்குள் சின்ன அளவில் பொரித்த சிக்கன், பர்கர் கடைகள் நடத்துகிறேன். எழுதியவர் எல்லாம் பெரிய கம்பெனியையே பார்க்கிறீர்கள், எங்களை மாதிரிக் கடைகள் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கின்றன, நாங்களும் தக்காளி வாங்குகிறோம் அண்ணே!

எங்கள் கதையைச் சொல்கிறேன். ஃப்ரைஸ் உறைந்த பாக்கெட்டாக டீலரிடம் வாங்குகிறோம், அதுவும் குஜராத்தில் செய்ததுதான், அதை இங்கே செய்ய முடியாது என்பது சரி. பன் நம் ஊர் பேக்கரியில் சொல்லிச் செய்கிறோம், அளவும் எள்ளும் நாங்கள் சொன்ன மாதிரி, காலையில் சூடாக வரும். மயோனைஸ் முன்பு நாங்களே அடிப்போம். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வருஷத் தடை போட்டபோது முட்டையில்லாத பாக்கெட் மயோனைஸுக்கு மாறினோம். விலை கூடுதல்தான், ஆனால் இந்த வெயில் ஊரில் பச்சை முட்டை ஆபத்து என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். கோழி ஒரே ஆளிடம் வாங்குகிறேன், தோலோடு, ஒரே எடையில், வெட்டியவுடன் ஐஸ் பெட்டியில். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் கெட்ட பொருள், போலார் காம்பவுண்ட் என்பார்கள், 25 சதவீதம் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது, அதைப் பார்க்க மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், பழைய எண்ணெயை பயோடீசலுக்கு எடுப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். தெருக்கடைக்கு விற்றால் கூடக் காசு கிடைக்கும், அதைச் செய்ய எனக்கு மனம் இல்லை.

ஒரே கிடங்கு, ஒரே லாரி என்ற முறையைக் குளிர்வண்டி தம்பி நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் அதிலும் விழுந்தால் பெரிய அடி விழும். 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கே.எஃப்.சி. சரக்கு அனுப்பும் வேலையைப் புதிதாக டி.எச்.எல்.லிடம் கொடுத்தது. ரக்பி என்ற ஊரில் இருந்த ஒரே கிடங்கை நம்பி இறங்கினார்கள், அது திணறிப் போய், அங்கே இருந்த ஏறக்குறைய 900 கடைகளில் பாதிக்கும் மேல் கோழி இல்லாமல் பூட்டிக் கிடந்தன. சிக்கன் கடையில் சிக்கன் இல்லை! அந்தச் செய்தியைப் படித்த பிறகு தக்காளி, வெங்காயம், முட்டைக்கோஸ் மூன்றுக்கும் எப்போதும் ரெண்டு பேரிடம் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு இப்போது மார்க்கெட்டில் வாங்கும் தக்காளியில் பெரும் தொல்லை, மேலே நல்லதை அடுக்கி அடியில் நசுங்கினது வைத்திருக்கிறார்கள். நேரடியாகத் தோட்டத்திலிருந்து, பிரித்து, பிளாஸ்டிக் கிரேட்டில் கொடுத்தால் மண்டி விலைக்கு மேல் கிலோவுக்கு இத்தனை என்று பேசி, விலை அடிமட்டத்துக்கு இறங்கினாலும் அதற்குக் கீழே போகமாட்டேன் என்று ஒரு அளவு வைத்துத் தரத் தயார்.

வாடிப்பட்டித் தோட்டம்:

அண்ணே, இதைக் கேட்டதும் மனசுக்குத் தெம்பாக இருக்கிறது. ஆனால் நான் ஒருவன் வருஷம் முழுக்கக் கொடுக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ உதிர்ந்து செடி அழுகும். சித்திரை வெயிலில் காய் பிடிக்காது. ரெண்டு பேரிடம் வாங்கினாலும் ரெண்டு பேரும் வாடிப்பட்டி என்றால் ஒரே நேரத்தில்தான் இல்லாமல் போகும்.

குளிர்வண்டி:

அதற்குத்தான் பெரிய கம்பெனிகள் வேறு வேறு மாவட்டத்தில் வாங்குகின்றன. நீங்களும் அதைச் சின்ன அளவில் செய்யலாம். பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் தெரிந்தவர்கள், கொடைக்கானல் கீழ்மலையில் ஒருவர், உங்கள் ஊரில் நாலைந்து பேர் என்று சேர்ந்தால் ஒருவருக்கு இல்லாதபோது இன்னொருவருக்கு இருக்கும். 10 விவசாயிகள் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி பதிவு செய்யலாம், அப்புறம் பில் போடலாம், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எடுக்கலாம். பெரிய நிறுவனத்துக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிற ஆலைகள் விவசாயிக் கம்பெனியிடம் பேசுவார்கள், தனி ஆளிடம் பேசமாட்டார்கள்.

ஆனால் முதலில் வில்லாபுரம் அண்ணனிடம் ஒரு வருஷம் கொடுத்துப் பாருங்கள். பிரித்துக் கொடுப்பது, நோட்டு எழுதுவது, சொன்ன நேரத்துக்கு இறக்குவது, இந்த மூன்றும் பழகிவிட்டால் அதற்கு மேல் கேட்பவர்களிடம் பேசலாம். அந்த மருந்து நோட்டை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

பேரையூர் பண்ணை:

பணம் எத்தனை நாளில் என்பதையும் முதல் பேச்சிலேயே முடித்துவிடுங்கள் தம்பி. பெரிய இடம் என்றால் மாதக்கணக்கில் இழுப்பார்கள். மண்டியில் கமிஷன் பிடித்தாலும் அன்றைக்கே காசு கையில் வந்துவிடும்.

வில்லாபுரம் ஃப்ரைடு சிக்கன்:

அக்கா சொல்வது சரி. வாரா வாரம் சனிக்கிழமை கணக்கு முடித்துவிடுவேன். தம்பி, உங்களுக்குத் தனிச்செய்தியில் வில்லையின் அளவும், தக்காளி எந்த நிறத்தில் வேண்டும் என்பதற்குப் படமும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த பறிப்பில் ரெண்டு கிரேட் மட்டும் கொண்டுவாருங்கள், கடையிலேயே நறுக்கிப் பார்த்து விலை பேசலாம். பல்லாரியும் கொஞ்சம் எடுத்து வாருங்கள், நடுத்தர அளவு போதும், ரொம்பப் பெரியது பன்னுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.